வேலூர் வெயிலுக்கு எது: கமோடோர் 64-ஆ, அமிகா 500-ஆ?

இசை கேட்பதற்காக, கமோடோர் நிறுவனத்தின் இந்தப் பழைய வீட்டுக் கணினிகள் இரண்டையும் கொஞ்ச காலம் காட்பாடி வீட்டில் வைத்திருந்தேன். இப்போது அமிகா 500 மட்டும் இருக்கிறது, 64-ஐக் கைமாற்றிவிட்டேன்.

ஒலியின் அடிப்படை பலருக்கும் தெரிந்ததுதான். 1982-ல் வந்த 64-ல் இருப்பது பாப் யான்னஸ் வடிவமைத்த சிட் (SID) என்ற ஒலி சிப்: ஒரே நேரத்தில் மூன்று குரல், தொனியை மாற்றும் அனலாக் ஃபில்டர், மோனோ. 1987-ன் அமிகா 500-ல் ஒலியைக் கவனிக்கும் பவுலா சிப், 8-பிட் ஒலிப்பதிவுகளை நான்கு சேனல்களில் ஸ்டீரியோவாக வாசிக்கும். 64-ல் நிஜ மிருதங்க அடி கேட்க வேண்டுமென்றால், வால்யூமையே வேகமாக மாற்றிக் வழக்கமாகக் கரகரப்பான 4-பிட் சத்தம்தான் வரவழைப்பார்கள். 8580 என்ற பிற்கால சிட் மாடலில் அதுவும் மெலிந்துவிடும்.

ஆனால் பேஸ் எனும் கீழ்ஒலியின் சுகத்தில் 6581 என்ற பழைய சிட் மாடலை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதன் ஃபில்டர் சிப்புக்குச் சிப் மாறும். நான் கேட்டது ஒரே ஒரு 6581-ஐத்தான், அதனால் உங்கள் காதுக்கு வேறு மாதிரி படலாம்.

சரி, பராமரிப்புக்கு வருவோம். எனக்கு முடிவைத் தந்தது அதுதான். 64-ன் பவர் சப்ளைகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே எபாக்ஸி என்ற கெட்டியாகும் பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள். சூடு வெளியேற வழியில்லை, திறந்து பழுதுபார்க்கவும் முடியாது. உள்ளே வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போனால் 5 வோல்ட் லைன் எகிறி மெமரி சிப்புகளையும் சேர்த்துச் சுட்டுவிடும். 6581-ம் இயல்பிலேயே கொதிக்கும் சிப். கத்திரி வெயிலில் மாடி அறையில் ஃபேன் காற்றே அனலாக வரும்போது இதை ஓட்டுவது எனக்குப் பயமாகவே இருந்தது. அசல் சிட் இப்போது தயாரிப்பில் இல்லை, போலிகளும் உலவுகின்றன. ஆர்ம்சிட் போன்ற மாற்று சிப்புகள் உண்டுதான், ஆனால் அதைப் போட்டுக் கேட்க எதற்குப் பழைய பெட்டி?

பவுலாவும் இன்று தயாரிப்பில் இல்லை. ஆனாலும் அமிகா 500-ன் பவர் சப்ளையை ஸ்க்ரூ கழற்றித் திறக்கலாம், கெபாசிட்டர் மாற்றலாம். போர்டிலும் கால் நுழைத்துப் பற்றவைத்த பெரிய கெபாசிட்டர்கள்தான், சால்டரிங் பழகியவர் யாரும் மாற்றிவிடுவார். அமிகா 1200 மாடலிலோ போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைத்த சின்ன கெபாசிட்டர்கள் கசிந்து போர்டை அரிக்கும். அமிகா 500 பிளஸ் மாடல் என்றால் உள்ளே பேட்டரி கசிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அமிகாவில் ஒரு தொல்லை: இரண்டு சேனல் முழுக்க இடம், இரண்டு முழுக்க வலம். ஹெட்ஃபோனில் தலை வலிக்கும். ஸ்பீக்கரில் கேளுங்கள், இல்லையென்றால் இரு பக்கத்தையும் கொஞ்சம் கலந்துவிடும் சின்ன மிக்சர் போதும்.