ஐஸ் பெட்டி, கீழ்த்தட்டு, ஃப்ரீசர்: மீன் எதில் தாங்கும்?

எங்கள் பக்கம் மீன் ஒரே சீராக வராது. பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாட்கள் நாட்டுப் படகுகளுக்கு என்று முறை உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு. அதனால் மண்டபம், பாம்பன், தேவிபட்டினம் வீடுகளில் மீன் மலிவாக வருகிற நாளில் இரண்டு கிலோ கூடுதலாக வாங்குவது வழக்கம். சரி, வாங்கியாச்சு. எதில் வைப்பது?

நாளைக்கே சமைக்கப் போகிற மீன் என்றால், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டைவிடப் பழைய தெர்மாகோல் ஐஸ் பெட்டிக்குத்தான் என் ஓட்டு. நன்றாக ஓடுகிற ஃப்ரிட்ஜில் 4 டிகிரி இருக்கும். உருகுகிற ஐஸ் 0 டிகிரி. நாலு டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் அந்த நாலு டிகிரிக்கே மீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் கெடும். ஃப்ரிட்ஜில் மீனைச் சுற்றியிருப்பது வெறும் குளிர்காற்று, அது சூட்டை மெதுவாகத்தான் இழுக்கும். ஐஸ் மீனோடு ஒட்டிக்கிடந்து, உருக உருகச் சூட்டை வாங்கிக்கொள்ளும். படகில் மீனுக்குச் சமமாக ஐஸ் போடச் சொல்வது இதனால்தான்.

பெட்டியில் உள்ள தொல்லை, தண்ணீரை வடித்து வடித்துப் புது ஐஸ் போட வேண்டும். ராத்திரி யார் எழுந்து பார்ப்பது? அதனால் நான் இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். செவுளும் குடலும் எடுத்துக் கழுவிய மீனை ஓட்டைத் தட்டில் ஐஸோடு அடுக்கி, அடியில் ஆழமான பாத்திரம் வைத்து மூடி, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைக்கிறேன். உருகும் தண்ணீர் பாத்திரத்தில் இறங்கிவிடும், மீன் அதில் ஊறாது. மேல்தட்டில் மட்டும் வைக்காதீர்கள்; மீன் தண்ணீர் ஒரு சொட்டு இட்லி மாவில் விழுந்தாலும் போச்சு. இப்படி வைத்தால் இரண்டு நாள் தைரியமாக வைத்துச் சமைக்கலாம்.

இதையெல்லாம் நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் கானாங்கெளுத்தி வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டு, வழியில் இரண்டு வேலை முடித்து, மத்தியானத்தில்தான் வீடு வந்தேன். நேரே ஃப்ரீசரில் போட்டேன். மறுநாள் வறுத்தபோது ஒரு கெட்ட வாடையும் இல்லை. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் எனக்கும் அம்மாவுக்கும் முகம் சிவந்து, காது சுட்டு, தலைவலி. "என்னடா, மிளகாய்த்தூள் மாத்துனியா?" என்றார் அம்மா. காரணம் ஹிஸ்டமின் என்ற ரசாயனப் பொருள். கானாங்கெளுத்தி, சாளை, சூரை மாதிரி மீன்கள் வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை உண்டாக்கும். உண்டான பிறகு கொதிக்க வைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. ஃப்ரீசர் கெடுதலை நிறுத்தி வைக்குமே தவிர, கெட்டதைச் சரிசெய்யாது. கரையிலிருந்து வீடு வரும் வரை பையில் ஐஸ் இருக்க வேண்டும்.

ஃப்ரீசரிலும் ஒற்றைக் கதவா, இரட்டைக் கதவா என்பது பெரிய வித்தியாசம். நீண்ட நாள் சேமிப்புக்கு மைனஸ் 18 டிகிரி வேண்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்ளே இருக்கும் ஐஸ் அறை பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. மைனஸ் 6-இல் ஒரு வாரம், மைனஸ் 12-இல் ஒரு மாதம் என்பது கணக்கு. கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது கரண்ட் செலவுக்கான நட்சத்திரம். இரட்டைக் கதவில் ஃப்ரீசர் தனி, குளிர் நிற்கும். ஆனால் உள்ளே விசிறி காற்றை ஓட்டிக்கொண்டே இருப்பதால், சரியாகச் சுற்றாத மீன் ஓரம் வெளுத்துச் சக்கையாகிவிடும். காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, பாக்கெட்டைத் தட்டையாகக் கட்டுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சதையும் குழையாது.

எல்லா மீனும் ஃப்ரீசருக்கு ஒத்துவராது. கொழுப்புள்ள சாளையும் கானாங்கெளுத்தியும் மைனஸ் 18-இலேயே இரண்டு மூன்று மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும். கொழுப்பு குறைந்த வெள்ளைச் சதை மீன் ஆறு மாதம் தாங்கும். தலை கிள்ளிய இறாலை ஓட்டோடு டப்பாவில் போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி உறைய வைப்பேன். அதைப்போல வேறெதுவும் ருசி மாறாமல் இருந்ததில்லை. சாளை மிஞ்சினால் எங்கள் வீட்டில் உப்புப் போட்டுக் கருவாடுதான்.

உறைந்த மீனைச் சமைக்க எடுக்கும்போது முதல் நாள் ராத்திரியே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டி ஓரத்தில் வைத்து இளக்குவது வேண்டாம்.

புயல் மழையில் கரண்ட் போனால் கணக்கு மாறும். கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த தனி ஃப்ரீசர் இரண்டு நாள் வரை, பாதி நிறைந்தது ஒரு நாள். அதனால் ஐப்பசி பிறந்ததும் ஃப்ரீசரில் காலி இடத்திலெல்லாம் தண்ணீர் பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி அடுக்கிவிடுவேன். கரண்ட் வர நேரமானால் அந்தக் கட்டியான பாட்டில்களில் நாலைத் தெர்மாகோல் பெட்டிக்கு மாற்றி, கீழ்த்தட்டு மீனை அதன் நடுவில் வைத்துவிடலாம்.