பிளே ஸ்டோரில் போடாத ஆப்பை 42 போனில் ஏற்றுவது: எந்த வழி உதவும், எது காலை வாரும்

ஈரோட்டில் ஒரு டிஸ்ட்ரிபியூஷன் ஏஜென்சி. பிஸ்கட், சோப்பு, ஷாம்பு சாஷே என்று நாலைந்து கம்பெனி சரக்கு. பவானி, கோபி, பெருந்துறை, சென்னிமலை என்று தினமும் லைனுக்குப் போகிறவர்கள் கடை கடையாக ஆர்டர் எடுக்க ஒரு ஆப் வைத்திருந்தார்கள். முன்பு ஒருவர் எழுதியது, அவர் வேறு வேலைக்குப் போனதும் என் தலையில் வந்து விழுந்தது. 40 ஆண்ட்ராய்டு, 2 ஐபோன். இந்த ஆப்பை உலகத்தில் வேறு யாரும் போட்டுக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை, விலைப்பட்டியல் அடுத்த ஏஜென்சிக்காரர் கண்ணில் படவும் கூடாது. அதனால் ஸ்டோரில் எல்லோருக்கும் தெரியும்படி போடுவது என்ற பேச்சே எழவில்லை. மிச்சமிருக்கும் வழிகளில் எது தேறும் என்பதுதான் கேள்வி, ஒன்றரை வருஷத்தில் பெரும்பாலானவற்றை முயன்று பார்த்துவிட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழிகளை ஒப்பிடும்போது எல்லோரும் முதல் தடவை இன்ஸ்டால் செய்வது எவ்வளவு சுலபம் என்றுதான் பார்க்கிறார்கள். முதல் தடவை எல்லாமே சுலபம். ஆபீஸில் டீ வாங்கிக் கொடுத்து 40 பேரை உட்காரவைத்து ஒரு மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். ஜிஎஸ்டி ரேட் மாறியதும் அன்று சாயங்காலமே புது வெர்ஷன் போக வேண்டும், ஆள் கோபியில் நிற்கிறார், அப்போது என்ன செய்வீர்கள்? இந்த இடத்தில் வைத்துத்தான் நான் ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.

வாட்ஸ்அப்பில் ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு ஆப்பை ஏற்றும் ஃபைலை, அனுப்புவது. நம் ஊரில் இதுதான் வழக்கம். காசு இல்லை, கணக்கு இல்லை, குரூப்பில் ஃபைலைப் போட்டால் முடிந்தது. ஆண்ட்ராய்டு 8 முதல் எந்த ஆப் வழியாக ஏபிகே வருகிறதோ அந்த ஆப்புக்குத் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும், அதாவது வாட்ஸ்அப்பிலிருந்து இன்ஸ்டால் செய்ய வாட்ஸ்அப்புக்கு, குரோமிலிருந்து என்றால் குரோமுக்கு. இதை ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் பழகிவிடுகிறார்கள். பிரச்சினை குரூப்பிலேயே இருக்கிறது. மார்ச்சில் போட்ட ஃபைலும் அங்கேதான் கிடக்கும், ஜூனில் போட்டதும் அங்கேதான். புதிதாகச் சேர்ந்தவர் மேலே ஸ்க்ரோல் செய்து முதலில் கண்ணில் படுவதைத் தட்டுவார், பழைய ரேட்டில் ஒரு நாள் முழுக்க ஆர்டர் எடுத்துவிட்டு வருவார். யார் போனில் எந்த வெர்ஷன் என்பது அவரவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

அதைவிட மோசம், கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே அனுப்பிப் பணத்தைச் சுருட்டுகிற கும்பல் இதே வழியில்தான் வருகிறது. டிராஃபிக் அபராதம் என்ற பெயரிலும் வருகிறது. வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகேயைத் தொடாதே என்று போலீஸ் சொல்லிக்கொண்டிருக்க, நாம் அதைத் தொடச் சொல்லிப் பழக்குகிறோம். எனக்கு இது உறுத்தலாகவே இருந்தது.

போனும் இப்போது சும்மா இருப்பதில்லை. 2024 அக்டோபரில் கூகுள் இந்தியாவுக்கு என்று ஒரு கூடுதல் பாதுகாப்பை அறிவித்தது: பிரவுசர், மெசேஜ் ஆப், ஃபைல் மேனேஜர் வழியாக வரும் ஏபிகே, எஸ்எம்எஸ் படிக்கவோ நோட்டிஃபிகேஷனைப் பார்க்கவோ அக்சஸிபிலிட்டியை (திரையில் இருப்பதைப் படிக்கவும் நமக்காகத் தட்டவும் முடிகிற வசதி) பயன்படுத்தவோ அனுமதி கேட்டால் போனில் ஏறும் ஆப்களைச் சோதிக்கும் கூகுளின் பிளே ப்ரொடெக்ட் அதை நிறுத்திவிடும். எங்கள் ஆப்பில் ஓடிபியைத் தானே எடுத்துக்கொள்ள எஸ்எம்எஸ் அனுமதி இருந்தது, பழைய ஆள் வைத்தது. சில போன்களில் ஏறவே மறுத்ததற்குக் காரணம் அதுதான் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அனுமதியே கேட்காமல் ஓடிபியை எடுக்க கூகுளின் எஸ்எம்எஸ் ரிட்ரீவர் இருக்கிறது, அதற்கு மாற்றிய பிறகு சரியாயிற்று. சாம்சங்கில் ஆட்டோ பிளாக்கர் என்று ஒரு சுவிட்ச், அது ஆன் ஆகியிருந்தால் வெளியிலிருந்து எதையும் ஏற்ற விடாது, புது மாடல்களில் அமைக்கும்போதே ஆன் ஆகியிருக்கிறது.

இனி கீஸ்டோர், அதாவது கையெழுத்துச் சாவி இருக்கும் ஃபைல். ஆண்ட்ராய்டு ஆப் ஒவ்வொன்றும் ஒரு சாவியால் கையெழுத்திடப்படுகிறது, அப்டேட்டும் அதே சாவியால் கையெழுத்திட்டிருந்தால்தான் பழையதன் மேல் ஏறும். எனக்கு முன்னால் எழுதியவர் அந்தச் சாவியைத் தன் லேப்டாப்பில் மட்டும் வைத்திருந்தார், லேப்டாப்பை விற்றும்விட்டார். நான் புதுச் சாவியில் பில்டு (ஏற்றத் தயாரான ஆப் ஃபைல்) எடுத்துக் குரூப்பில் போட்ட பத்தாவது நிமிஷம் போன் வருகிறது: "அண்ணா, ஆப் நாட் இன்ஸ்டால்டுன்னு வருதுங்க." வேறு வழியே இல்லை, 40 போனிலும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும், அழித்தால் போனுக்குள் இருக்கும் டேட்டாவும் போகும். முதலில் சிங்க் செய்து போனில் இருப்பதை சர்வருக்கு அனுப்புங்கள், பிறகு அழியுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். இருவர் கேட்கவில்லை. சென்னிமலை லைனில் 17 கடை ஆர்டர் காற்றோடு போயிற்று, மறுநாள் அந்த மனிதர் அத்தனை கடைக்கும் திரும்ப ஏறி இறங்கினார்.

அடுத்தது சொந்த சர்வரில் வைப்பது. வாட்ஸ்அப்பைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் லிங்க் ஒன்றுதான், அங்கே எப்போதும் கடைசி வெர்ஷன்தான் இருக்கும். ஆப் திறக்கும்போது சர்வரில் ஒரு சின்ன ஃபைலைப் பார்த்து, புதுசு வந்திருந்தால் தானே இறக்கி இன்ஸ்டால் திரையைக் கொண்டுவந்து நிறுத்தும்படி எழுதிவிடலாம். ஆண்ட்ராய்டு 12 முதல், ஆப் தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டால் சில நிபந்தனைகளோடு பயனரைக் கேட்காமலேகூட முடித்துவிடலாம். ஒரு குறிப்பு: சர்வரில் ஏபிகேக்கு உரிய மைம் டைப்பை (இது என்ன வகை ஃபைல் என்று போனுக்குச் சொல்லும் குறிப்பு) சொல்லாமல் விட்டால் சில போன்கள் அதை ஜிப் ஃபைலாக இறக்கி வைக்கும், ஆள் அதைத் திறந்து உள்ளே இருக்கும் ஃபோல்டர்களை உங்களுக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புவார். கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்து, வெர்ஷன் கட்டுப்பாடு தன் கையிலேயே இருக்க வேண்டும் என்பவருக்கு நல்ல வழி. கூகுளின் ஃபயர்பேஸ் ஆப் டிஸ்ட்ரிபியூஷனும் இதே வகைதான், இலவசம், ஆனால் ஒவ்வொரு பில்டும் 150 நாளில் காலாவதி ஆகிவிடும், அது சோதனைக்காகச் செய்தது.

இந்த இரண்டு வழிக்கும் பொதுவாக ஒரு மேகம் கூடிக்கொண்டிருக்கிறது. ஸ்டோருக்கு வெளியே கொடுக்கும் ஆப்பாக இருந்தாலும் அதை எழுதியவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் சரிபார்த்துப் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் 2026 செப்டம்பர், மற்ற நாடுகளுக்கு 2027 முதல் என்பது அப்போது சொன்ன கணக்கு. எதிர்ப்பு கிளம்பியதும், ஆபத்து தெரிந்தே ஏற்றிக்கொள்கிறவர்களுக்குத் தனி வழி ஒன்று வைப்போம் என்றும் சொன்னார்கள். அந்தத் தனி வழி நமக்கு உதவாது என்பது என் கணிப்பு. நாலு எச்சரிக்கைத் திரையைத் தாண்டி வா என்று லைன்காரரிடம் சொல்ல முடியுமா?

சரி, ஸ்டோருக்குள்ளேயே ஒளித்துவைத்தால்? ஆப் எழுதுகிறவர்கள் ஸ்டோரில் ஏற்றப் பயன்படுத்தும் பிளே கன்சோலில் இன்டர்னல் டெஸ்டிங் என்று ஒன்று உண்டு. ஒரே ஒருமுறை 25 டாலர் கட்டிக் கணக்கு தொடங்க வேண்டும், 100 பேர் வரை ஜிமெயில் முகவரியைச் சேர்க்கலாம், லிங்க் அனுப்பினால் அவர்களுக்கு மட்டும் பிளே ஸ்டோரிலிருந்து இறங்கும். அப்டேட்டும் மற்ற ஆப்களைப் போலத் தானாகவே போகும். 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்கியவர்களுக்கு 12 டெஸ்டர் 14 நாள் சோதித்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறதே என்று சிலர் பயப்படுகிறார்கள், அது பொதுவில் வெளியிடப் போகிறவர்களுக்குத்தான், இன்டர்னல் டெஸ்டிங்கோடு நின்றுகொள்பவரை அது தொடாது. கேட்க அருமையாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது, ஆளாளுக்கு ஜிமெயில் முகவரி கேட்கும் வரை. பாதிப் பேர் போனில் இருந்தது செல்போன் கடைக்காரர் வாங்கும்போதே போட்டுக் கொடுத்த ஐடி. ஒருவருக்குத் தன் மச்சானின் ஐடி. இன்னொருவர் போனில் மூன்று ஐடி, பிளே ஸ்டோர் எதில் திறக்கிறது என்று அவருக்கே தெரியாது, லிங்கைத் தட்டினால் இந்த ஆப் இல்லை என்று வருகிறது. முகவரி சேகரிக்கவே ஒரு வாரம். சேகரித்த பிறகு மட்டும் நிம்மதிதான், அதை மறுக்க மாட்டேன். அவரவர் சொந்த போனைப் பயன்படுத்துகிற சின்னக் கூட்டத்துக்கு, 20 பேர் 30 பேர் என்றால், இன்றும் இதைத்தான் சொல்வேன்.

கம்பெனி போன் என்றால் கதை வேறு. கம்பெனிகளுக்கான பிளே ஸ்டோரான மேனேஜ்டு கூகுள் பிளேயில் பிரைவேட் ஆப்பாக ஏற்றலாம். இதற்கு ஒரு எம்டிஎம் வேண்டும், அதாவது போன்களை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் சேவை, ஒரு போனுக்கு மாதம் இவ்வளவு என்று வாங்குவார்கள். அந்த எம்டிஎம் திரைக்குள்ளிருந்தே ஏபிகேயும் பெயரும் கொடுத்தால் போதும், அந்த 25 டாலர்கூடத் தேவையில்லை, கொஞ்ச நேரத்தில் நம் போன்களுக்கு மட்டும் தெரிய ஆரம்பிக்கும். புது ஆண்ட்ராய்டு வந்ததும் டார்கெட் ஏபிஐயை (ஆப் எந்த ஆண்ட்ராய்டு வெர்ஷனுக்காக எழுதப்பட்டது என்ற எண்) ஏற்று என்று பிளே ஸ்டோர் வருஷா வருஷம் உயிரை எடுக்குமே, அந்த விதியிலிருந்து நிரந்தரமாக பிரைவேட்டாக இருக்கும் ஆப்புக்கு விலக்கு உண்டு. கணக்கு தொல்லையும் இல்லை, எம்டிஎம் தானே ஒரு கூகுள் கணக்கைப் போனுக்குள் வைத்துவிடும், மச்சான் ஐடி யாரிடமும் கேட்க வேண்டாம்.

இதற்கு விலை, போனை முழுக்க நிர்வாகத்தில் கொண்டுவர ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டும். ரீசெட் ஆனதும் வரும் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு தடவை தட்டினால் கியூஆர் கேமரா திறக்கும், எம்டிஎம் கொடுத்த கியூஆர் கோடைக் காட்டினால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோடவுனில் பிஸ்கட் பெட்டிகளின் மேல் வரிசையாகப் போன்களை அடுக்கி இதைச் செய்தோம், வைஃபை மூச்சுத் திணறியது, காலை 9 மணிக்கு ஆரம்பித்து மதியம் 3 மணிக்கு முடித்தோம். முதல் நாள் உழைப்பைப் பார்த்தால் எல்லா வழியிலும் இதுதான் கடினம். அடுத்த ஏழு அப்டேட்டுக்கு ஒருவரும் எனக்கு போன் செய்யவில்லை. ஆள் போனைத் தொலைத்தால் தூரத்திலிருந்தே அழித்துவிடலாம் என்பது முதலாளிக்குப் பிடித்த விஷயம், எனக்கு அந்த அமைதிதான் பிடித்தது.

ஐபோன் பக்கம் வாருங்கள். இங்கே ஃபைலை அனுப்பி ஏற்றிக்கொள் என்பதே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் வந்து, 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4 முதல் வேறு ஸ்டோர்களுக்கு வழி விட்டார்கள். அது ஈரோட்டுக்குப் பொருந்தாது. காசு கட்டாமல் சும்மா ஒரு ஆப்பிள் ஐடியால் கையெழுத்திட்டு ஏற்றினால் ஏழு நாளில் ஆப் திறக்காது. ஆகவே ஆப்பிளின் டெவலப்பர் கணக்குக்கு வருஷம் 99 டாலர் கட்டித்தான் ஆரம்பமே.

கட்டிய பிறகு அட் ஹாக் என்று ஒரு வழி: ஐபோன் 100 வரை, ஒவ்வொன்றின் யுடிஐடியையும் (ஒவ்வொரு ஐபோனுக்கும் உரிய தனி அடையாள எண்) முன்பே பதிய வேண்டும், வருஷம் திரும்பினால் அந்தப் போன்களில் ஓட அனுமதிக்கும் புரொஃபைல் காலாவதி. யுடிஐடி அனுப்பச் சொன்னால் முதலாளியின் மகன் ஐஎம்இஐயை அனுப்பினார், பிறகு சீரியல் நம்பரை அனுப்பினார், கடைசியில் போனை வாங்கி நானே மேக்கில் செருகி எடுத்தேன். ஆப்பிளின் சோதனை வழியான டெஸ்ட்ஃபிளைட் இதைவிட எளிது, வெளியாட்கள் 10,000 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் பில்டு 90 நாளில் செத்துவிடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எதுவும் மாறாவிட்டாலும் புதுசு ஏற்ற வேண்டும். என்டர்பிரைஸ் கணக்கு வருஷம் 299 டாலர், 100 ஊழியராவது இருக்க வேண்டும், சொந்த ஊழியருக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். அந்தக் கடைசி விதியை மீறியதற்குத்தான் 2019 ஜனவரியில் ஃபேஸ்புக்கின் சான்றிதழை ஆப்பிள் ரத்து செய்தது, மறுநாள் கூகுளுடையதையும். ஊழியர்கள் சாப்பாட்டு மெனு பார்க்கும் ஆப் வரைக்கும் படுத்துவிட்டது. அவர்களுக்கே அந்தக் கதி. உருப்படியாக இருப்பது 2022 ஜனவரியில் வந்த அன்லிஸ்டட் முறை: ஆப்பிளின் பரிசோதனையைத் தாண்ட வேண்டும், ஆனால் தேடினால் வராது, லிங்க் உள்ளவர் மட்டும் இறக்கலாம், காலாவதி கிடையாது. லிங்க் யார் கைக்கும் போகலாம் என்பதால் லாகின் கட்டாயம். 10 ஐபோனுக்கு மேல் இருந்தால் நான் இதற்குத்தான் போவேன்.

இரண்டே இரண்டு ஐபோனுக்கு வருஷா வருஷம் 99 டாலர் கட்ட எனக்கு மனசு வரவில்லை. முதலாளியும் மகனும் ஆர்டர் எடுக்கப் போவதில்லை, சாயங்காலம் லைன் வாரியாக எவ்வளவு ஆயிற்று என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கு ஒரு வெப் பக்கம் எழுதி, சஃபாரியில் ஷேர் பட்டனைத் தட்டி ஹோம் ஸ்கிரீனில் சேர்க்கச் சொன்னேன். ஐஓஎஸ் 16.4 முதல் அப்படிச் சேர்த்த பக்கத்துக்கு நோட்டிஃபிகேஷனும் அனுப்பலாம். லைன்காரர்களுக்கும் இதையே கொடுத்தால் என்ன என்று மகன் கேட்டார். கொடுக்கலாம், ஆனால் பில் அடிக்கிற புளூடூத் பிரிண்டர் இருக்கிறது, ஆள் எந்தத் தெருவில் நிற்கிறார் என்று பின்னணியில் லொகேஷன் எடுக்க வேண்டியிருக்கிறது. புளூடூத் சஃபாரியில் கிடையாது, பின்னணி லொகேஷன் எந்த பிரவுசரிலும் கிடையாது. இந்த இரண்டும் வேண்டாத ஆப் என்றால் மேலே சொன்ன எதையும் படிக்காமல் நேராக வெப்புக்கே போயிருக்கலாம், அதை முதல் பத்தியிலேயே சொல்லியிருக்க வேண்டும் நான்.