ஸ்குருவை எடுத்துவிடச் சொல்லிப் போனேன்: ஒரு முதுகெலும்பு ஆலோசனைச் சேவை பற்றிய மதிப்பீடு

கீழ்முதுகில் எல்4-எல்5 எனப்படும் இரண்டு முதுகெலும்புகளை இணைத்த அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும், நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் வலப்பக்க இடுப்பில் குத்தும் வலி என்னை விடவில்லை. உள்ளே இருக்கும் 4 டைட்டானியம் ஸ்குருக்களும் 2 கம்பிகளும்தான் காரணம் என்று நானே முடிவுகட்டி, அவற்றை எடுத்துவிடச் சொல்லத்தான் இந்த இரண்டாவது கருத்து ஆலோசனைக்குச் சென்றேன். அறுவை செய்த இடத்திலோ, எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்ற ஒரே பதிலோடு ஒவ்வொரு முறையும் அனுப்பிவிட்டார்கள்.

இங்கே மருத்துவர், படங்களைத் தொடும் முன்பே, வலிக்கும் இடத்தை ஒற்றை விரலால் காட்டச் சொன்னார். அந்த ஒரு கேள்விக்காகவே இந்தச் சேவையை நான் மதிக்கிறேன். எலும்பு கூடிவிட்டதா என்பதையும், தளர்ந்த ஸ்குருவைச் சுற்றித் தெரியும் கருவளையம் இருக்கிறதா என்பதையும் சி.டி. ஸ்கேனில் என்னையே பார்க்க வைத்து விளக்கினார். எலும்பு கூடாமல் ஸ்குருவை மட்டும் கழற்றினால் அந்த இடத்தைத் தாங்க எதுவும் இருக்காது என்றார். எனக்கு எலும்பு கூடியிருந்தது, வளையம் இல்லை. நோய்த்தொற்றுக்கான இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். மந்தமான தொற்றில் அதன் அளவுகள் இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை.

பிறகு, வலி அங்கிருந்துதான் வருகிறதா என்று பார்க்க, ஸ்குருக்களின் தலைப்பகுதியைச் சுற்றி மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஊசியில் செலுத்தினார்கள். வலி சிறிதும் குறையவில்லை. வேறொரு நாளில், முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோஇலியாக் மூட்டில் அதே மருந்தைச் செலுத்தியபோது, சில மணி நேரம் நான் வலியில்லாமல் உட்கார்ந்து எழுந்தேன். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த அந்த மணித்துளிகளில் நான் அழுதுவிட்டேன். மேல் எலும்புகளை இணைத்த பின் இந்த மூட்டுக்குச் சுமை கூடுவது உண்டாம். ஸ்குருக்கள் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. இப்போது மூட்டுக்கான உடற்பயிற்சி நடக்கிறது, வலி பாதியளவு குறைந்திருக்கிறது.

குறையும் உண்டு. ஊசியின் பலன் சில மணி நேரமே நீடிக்கும் என்பதை மேசையில் படுத்த பின்புதான் சொன்னார்கள். எழுத்துவழி அறிக்கையில் சி.டி. முடிவு விடுபட்டிருந்தது, கேட்டுத்தான் வாங்கினேன்.

செல்பவர்கள் பழைய அறுவைக் குறிப்பைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். எந்த நிறுவனத்தின் ஸ்குரு என்று தெரியாவிட்டால், பின்னாளில் கழற்ற நேரும்போது அதற்குப் பொருந்தும் கருவியைத் தேடுவதே பெரும்பாடாகிவிடும்.