பனிப்புயல்ல மலை இறங்குனப்புறம் எழுதுற வின்டர் டயர் ரிவ்யூ

போன வருஷம் குளிர் ஆரம்பிக்கிறப்ப தான் நாலு வின்டர் டயர் வாங்கி மாட்டினேன், ஐஸ்ல குத்திப் பிடிக்குற ஆணி இல்லாத டைப். அப்பவே ரிவ்யூ எழுதலாம்னு நெனச்சேன், ஆனா காஞ்ச ரோட்ல ஓட்டிட்டு பனி டயரப் பத்தி என்னத்த எழுதுறதுன்னு விட்டுட்டேன். ரெண்டு வாரம் முன்னாடி ராத்திரி, பின்சீட்ல அம்மா, வெளிய பனிப்புயல், வழக்கமா ஒன்றரை மணி நேரத்துல வர்ற மலைப்பாதை அன்னிக்கு அஞ்சு மணி நேரம் இழுத்துச்சு. இப்ப எழுத விஷயம் இருக்கு.

புயல் எச்சரிக்கை நள்ளிரவுக்கு மேல தான்னு போட்டிருந்தாங்க. அதுக்குள்ள இறங்கிடலாம்னு கணக்கு போட்டு கிளம்பிட்டேன், அந்தக் கணக்கு தப்பு, கிளம்பியிருக்கவே கூடாது, இத முதல்லயே சொல்லிடறேன். மலைல புயல் சொன்ன நேரத்துக்கு வராது. உச்சிய தாண்டுறதுக்குள்ளயே காத்து பக்கவாட்டுல அடிக்க ஆரம்பிச்சு ரோடு எது ஓரம் எதுன்னே தெரியல, ஹை பீம் போட்டா வெளிச்சம் பூரா பனியில பட்டு நம்ம கண்ணுக்கே திரும்பி வருது, அதனால லோ பீம்ல வச்சுக்கிட்டு ஓரத்துல நட்டிருக்குற கம்பங்கள ஒண்ணு ஒண்ணா எண்ணிக்கிட்டே தான் வந்தேன்.

ஏறுறப்ப டயரோட அருமை பெருசா தெரியாது. இறக்கம் தான் பரீட்சை. செகண்ட் கியர்ல போட்டு இன்ஜின் பிடியிலயே இருபது கிலோமீட்டர் வேகத்துல வந்துக்கிட்டிருக்கேன், ஒரு கொண்டை ஊசி வளைவு திரும்புனா எதிர்ல ஒரு பெரிய வண்டி ரோட்டுக்கு குறுக்கால நிக்குது. பிரேக்க மிதிச்சேன், வீல் பூட்டிக்காம பாத்துக்குற ஏபிஎஸ் காலுக்கடியில தடதடன்னு உதறுது, அம்மா "ஐயோ சாமி"ன்னு என் சீட்ட பிடிச்சுக்கிட்டாங்க, வண்டி கொஞ்சம் கூட கோணாம நேரா போய் ரெண்டு ஆள் நீளம் மிச்சம் இருக்கையில நின்னுச்சு. நின்னதும் எனக்கு கை நடுங்க ஆரம்பிச்சுருச்சு.

அந்த வண்டிக்காரர் இறங்கி வந்தார். அவருது நாலு வீலும் இழுக்குற வண்டி, டயர் மட்டும் ஆல் சீசன், அதாவது வருஷம் பூரா ஓட்டுற டைப், "ஏறுறப்ப ஒண்ணுமே தெரியலப்பா, இறங்குறப்ப தான் விட்டுருச்சு"ன்னார். எல்லாரும் ஏமாறுற இடம் இது தான். நாலு வீல் டிரைவ் வண்டிய கிளப்பும், ஏத்தும், நிறுத்துறதுக்கு அதால ஒண்ணும் ஆகாது. பிரேக் எல்லா வண்டிக்கும் நாலு வீல்லயும் தான் இருக்கு, அந்தப் பிடிப்பு ரோட்டுக்குப் போறது டயர் வழியா மட்டும் தான், ஒவ்வொரு டயரும் ரோட்ட தொடுறது நம்ம உள்ளங்கை அளவு இடத்துல.

என்ன வித்தியாசம்னா, சாதா டயரோட ரப்பர் குளிர்ல இறுகிப் போயிடும். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்கு கீழ போனாலே அந்தப் பிடிப்பு குறையும், அதுக்குப் பனி பெய்யணும்னு கூட இல்ல. வின்டர் டயர்ல கலவையே வேற, குளிர்லயும் மெத்துன்னு இருக்கும், அதோட டயர் மேல இருக்குற ரப்பர் கட்டைங்கள்ல பிளேடால கீறின மாதிரி நூத்துக்கணக்குல மெல்லிசு கோடுங்க, அதோட விளிம்பு தான் பனிய கவ்வுது. கட்டைங்களுக்கு நடுவுல இருக்குற பள்ளத்துல பனி போய் அடைச்சுக்கும், அதுவும் நல்லதுக்கு தான், பனி பனியோட நல்லா ஒட்டும். வாங்குறப்ப பக்கவாட்டுல மூணு சிகரம் உள்ள மலையும் அதுக்குள்ள பனிப்பூவும் போட்ட முத்திரை இருக்கான்னு பாருங்க, அது பனியில சோதிச்சுப் பார்த்து குடுக்குறது. எம் பிளஸ் எஸ்னு (சேறு, பனின்னு அர்த்தம்) வெறும் எழுத்து மட்டும் இருந்தா அந்த சோதனை கட்டாயம் இல்ல. அந்த வண்டிக்காரர் டயர்லயும் எழுத்து தான் இருந்துச்சு, டார்ச் அடிச்சுப் பார்த்தோம்.

இப்ப குறை. ஐஸ் மேல இந்த டயரும் டயர் தான், மந்திரம் கிடையாது. கீழ ஒரு பாலத்து மேல ரோடு வெறும் ஈரமா இருக்குற மாதிரி கறுப்பா தெரிஞ்சுச்சு, ஏறின உடனே பின்பக்கம் லேசா விலகுச்சு, வயித்த கலக்கிருச்சு. பாலத்துக்கு அடியிலயும் காத்து போறதால மத்த ரோட்டுக்கு முன்னாடி அது உறைஞ்சுடும், தெரிஞ்ச விஷயம் தான், பனி குறைஞ்சுருச்சேன்னு நானும் கொஞ்சம் அசந்துட்டேன். பிரேக் தொடாம, ஸ்டியரிங்க நேரா பிடிச்சு, ஆக்சிலரேட்டர்ல இருந்து கால மெதுவா எடுத்தேன், தாண்டிட்டோம். ஐஸ் ரோட்டுலயே தினமும் போறவங்களுக்கு ஆணி டயர் பெட்டர், உங்க ஊர் சட்டம் அனுமதிக்குதான்னு பாத்துக்கோங்க. டயர்ல கட்டுற செயினும் டிக்கில இருக்கட்டும், கட்டிட்டா 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகக் கூடாது.

அப்புறம் சத்தம், காஞ்ச ரோட்ல ஒரு ஊங்காரம் கேட்டுக்கிட்டே இருக்கும். வளைவுல கொஞ்சம் கொழகொழன்னு இருக்கும். வெயில் காலத்துல கழட்டாம ஓட்டுனா சீக்கிரம் தேஞ்சிடும், பிரேக் தூரமும் கூடும், ஆக வருஷத்துக்கு ரெண்டு தடவ மாத்துற வேலை இருக்கு, நாலு டயர வைக்க இடமும் வேணும். இன்னொண்ணு டயர் காத்து, 5, 6 டிகிரி குளிர் கூடுனா அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கிடும், கதகதப்பான இடத்துல அடிச்ச காத்த நம்பி மலையேறாதீங்க.

ரெண்டு மட்டும் மாத்தலாமான்னு என் தம்பி கேட்டான். வேண்டவே வேண்டாம்டான்னு சொன்னேன். முன்னாடி மட்டும் மாட்டுனா முன்பக்கம் கவ்வி பின்பக்கம் சுத்திக்கும், அதுவும் இறக்கத்து வளைவுல. நாலும் ஒரே மாதிரி, இல்லன்னா அன்னிக்கு வெளிய போகாம இருங்க. வாங்குறப்ப டயர்ல நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு இலக்கம் செஞ்ச வாரம், அடுத்த ரெண்டு இலக்கம் செஞ்ச வருஷம், 3524ன்னா 2024ல 35வது வாரம் செஞ்சது, பழைய ஸ்டாக்க தலைல கட்டிடாம பாத்துக்கோங்க.

அந்த வண்டிக்காரர நாங்க விட்டுட்டு வரல. மீட்பு வண்டி வர்ற வரைக்கும் வளைவுக்கு மேல எச்சரிக்கை முக்கோணம் வச்சுட்டு, அவர் இன்ஜின ஓட விட்டிருந்ததால சைலன்சர் குழாய பனி மூடாம மாத்தி மாத்தி வழிச்சு விட்டோம், அது அடைச்சா விஷப்புகை உள்ள வந்துடும். பாதி நேரம் அங்க தான் போச்சு.

நேத்து டயர் பள்ளத்தோட ஆழத்த அளந்து பார்த்தேன், 6 மில்லிமீட்டருக்கு மேல இருக்கு. 4 வந்தா பனிக்கு ஆகாது, கழட்டிட்டு இதே டயர் தான் மறுபடி வாங்குவேன்.