திரையில் எச்98: சர்வீஸ் சென்டரா, பேட்டைக் கடையா, புதுசா?

விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, விசிறிச் சத்தமும் கேட்கிறது. சாம்பார் மட்டும் சூடாகவில்லை. சற்று நேரத்தில் எல்லாம் நின்றுபோய், மைக்ரோவேவ் திரையில் எச்97 அல்லது எச்98 என்று வருகிறது. பானசோனிக் இன்வெர்ட்டர் மாடல்களில் இந்த எண் வந்தால், மைக்ரோ அலையை உண்டாக்கும் பகுதியில் கோளாறு என்று பொருள். உடனே "இன்வெர்ட்டர் போர்டு போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த எண் அவ்வளவு தூரம் சொல்வதில்லை.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை, மெஷினுக்குள் இருக்கும் இன்வெர்ட்டர் போர்டு முதலில் டிசியாக (ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக) மாற்றுகிறது. அதை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாகச் சுமார் 4000 வோல்ட்டுக்கு ஏற்றி, மைக்ரோ அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் குழாய்க்குக் கொடுக்கிறது. எதிர்பார்த்த மின்சாரம் ஓடவில்லை என்று தெரிந்ததும் கட்டுப்பாட்டு போர்டு வேலையை நிறுத்திவிடும். போர்டு செத்திருக்கலாம், மேக்னட்ரான் செத்திருக்கலாம், இரண்டுக்கும் நடுவே ஒரு வயர் கழன்றிருக்கலாம். நம்மூர் சமையலறையில் கரப்பான் பூச்சி போர்டில் குடியேறி ஷார்ட் ஆக்கியிருக்கவும் வாய்ப்புண்டு.

எங்கே எடுத்துப் போவது என்று யோசிக்கும் முன், வீட்டிலேயே ஒரு துப்பு கிடைக்கும். மல்ட்டி பிளக்கை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். உள்ளே ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்து முழு பவரில் ஓடவிட்டு, எத்தனை விநாடியில் நிற்கிறது என்று எண்ணுங்கள். பல மாடல்களில் 3 விநாடி வாக்கில் நின்றால் சந்தேகம் இன்வெர்ட்டர் பக்கம்; 23 விநாடி வரை ஓடி நின்றால் மேக்னட்ரான் அல்லது அதன் ஃபிலமென்ட்டுக்கு (உள்ளே சூடாகும் இழைக்கு) போகும் வயர் பக்கம். எல்லா மாடலுக்கும் இது பொருந்தாது. இருந்தாலும் ரிப்பேர்காரரிடம் பேசும்போது கையில் இருக்க வேண்டிய தகவல் இது.

மூடியைக் கழற்றுவது மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். ஓடும்போது, போர்டின் சூட்டைத் தணிக்கும் அலுமினிய ஹீட் சிங்க்கிலேயே மின்சாரம் இருக்கும். யூடியூப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை.

சரி, சர்வீஸ் சென்டர். உத்தரவாதக் காலம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அங்கேதான் போக வேண்டும். சில பிராண்டுகள் மேக்னட்ரானுக்கு மட்டும் கூடுதல் ஆண்டுகள் தருகின்றன. அட்டையைத் தேடிப் பாருங்கள். வாங்கி 6 மாதம் ஆகவில்லை என்றால் விஷயமே வேறு. 2012 செப்டம்பரில் சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த, பழுதான பொருளுக்கான 'லெமன்' சட்டப்படி, அந்த 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருளைத் தரும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்ற கடை. அதனால் முதலில் கடைக்காரரிடம் போங்கள். உத்தரவாதம் முடிந்த பிறகு சர்வீஸ் சென்டர் கணக்கு மாறிவிடுகிறது: போர்டை அப்படியே மாற்றுவார்கள், பரிசோதனைக் கட்டணம் தனி. பழைய மெஷினுக்கு அது கட்டுப்படியாகாது.

பேட்டைக் கடையில், நல்ல கை கிடைத்தால், முழு போர்டை மாற்றாமல் எரிந்த ஐஜிபிடியையும் (மின்சாரத்தை வேகமாக வெட்டும் சில்லு) ஃபியூஸையும் மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். இப்படிப்பட்ட உதிரிப் பாகம் தேடுகிறவர்கள், எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் இருக்கும் சிம் லிம் டவருக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ரிப்பேர்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "மேக்னட்ரானைச் சோதிச்சீங்களா அண்ணே?" ஃபிலமென்ட்டின் மின்தடை 1 ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும், ஃபிலமென்ட்டுக்கும் உலோக உடம்புக்கும் இடையே இணைப்பே காட்டக் கூடாது. மேக்னட்ரான் ஷார்ட் ஆகியிருந்தால், புதிதாகப் போட்ட ஐஜிபிடியையும் சேர்த்து எரித்துவிடும். மீட்டரில் சரியாகக் காட்டும் மேக்னட்ரானும் சூடானபின் மக்கர் பண்ணுவதுண்டு, அதையும் சொல்ல வேண்டும். இன்வெர்ட்டரின் எர்த் ஸ்க்ரூவை இறுக்கிப் பூட்டினாரா, மூடிய பிறகு கதவோரம் மைக்ரோ அலைக் கசிவைச் சோதித்தாரா என்பதையும் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் கொடுக்க வேண்டாம்.

என் கணக்கு இது: உத்தரவாதம் முடிந்த மெஷின் 23 விநாடி ஓடி நின்றால் பேட்டைக் கடைக்குக் கொண்டு போவேன், மேக்னட்ரானை மாற்றினால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். 3 விநாடியில் நின்று, வயதும் ஏழெட்டு ஆண்டு ஆகியிருந்தால் செலவழிக்க மாட்டேன்.

புதிது வாங்கும்போது மறுபடி இன்வெர்ட்டரே வேண்டுமா? பாதி பவர் கேட்டால் இன்வெர்ட்டர் நிஜமாகவே பாதி பவரைத் தொடர்ந்து கொடுக்கும். சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் ரகம் முழு பவரில் எரிந்து அணைந்து எரிகிறது. உறைந்த மீனை ஓரம் வேகாமல் இளக்க இன்வெர்ட்டர்தான் நல்லது. நேற்றைய குழம்பைச் சூடாக்க மட்டும் என்றால் சாதாரண ரகமே போதும். கனம்தான் அதிகம், உள்ளே கெட்டுப்போகிற சாமான் குறைவு. எதை வாங்கினாலும் 'சேஃப்டி மார்க்' என்ற பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மைக்ரோவேவ் இங்கே கட்டுப்படுத்தப்பட்ட பொருள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 120 வோல்ட் அமெரிக்க மாடலை இங்கே நேராகச் செருகவும் முடியாது.

பழையதைக் குப்பைக் குழாய் பக்கம் வைத்துவிட்டு நழுவ வேண்டாம். வீவக வீடு என்றால் நகர மன்றத்துக்கு ஃபோன் போட்டு, பெரிய பொருள் எடுத்துப் போகச் சொல்லலாம். பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் ஹாரன் கேட்டால் அவரிடமும் கேட்டுப் பாருங்கள்.