சிலிண்டரா, குழாயா? கார்பன் கணக்கு சொல்லும் பதில்

குழாய் எரிவாயு வந்துவிட்ட தெருக்களில் எல்லாம் ஒரே கேள்விதான்: சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? விலையும் மானியமும் ஒருபுறம் இருக்கட்டும். வேதியியல் புத்தகத்தில் மனப்பாடம் செய்த ஆல்கேன் வரிசையை (ஒவ்வொரு கார்பனாகக் கூடிக்கொண்டே போகும் மீத்தேன், ஈத்தேன், புரப்பேன், பியூட்டேன்) வைத்தே இதில் பாதியை முடிவு செய்துவிடலாம்.

குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். ஒரு கார்பன், 4 ஹைட்ரஜன், அவ்வளவுதான். சிலிண்டரில் இருப்பது புரப்பேனும் பியூட்டேனும் கலந்தது. ஒன்றில் 3 கார்பன், மற்றதில் 4. இவை இரண்டும் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போதும் கிடைக்கும், இயற்கை எரிவாயுவிலிருந்தும் பிரித்தெடுப்பார்கள்.

அப்படியானால் மீத்தேனையே சிலிண்டரில் அடைத்துத் தரலாமே? சமையலறைக்கு அது சரிப்படாது. புரப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி செல்சியஸ், பியூட்டேனுக்கு மைனஸ் 0.5. நம் ஊர் வெயிலிலும் ஓரளவு அழுத்தினால் இரண்டும் திரவமாகிவிடும். அதனால்தான் 14.2 கிலோ எரிவாயு சமையலறை மூலையில் அடங்குகிறது. மீத்தேன் அப்படி மசியாது. மைனஸ் 82 டிகிரிக்கு மேலே இருக்கும்வரை எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. சென்னைக்கு அருகே எண்ணூர் துறைமுகத்துக்குக் கப்பலில் திரவமாக வருவதுகூட மைனஸ் 160 டிகிரி அளவுக்குக் குளிர்வித்த பிறகுதான். அதனால் வீட்டுக்குக் கொண்டுவரக் குழாய்தான் வசதி.

இடையில் 2 கார்பன் கொண்ட ஈத்தேன் எங்கே போயிற்று என்று கேட்கும் மாணவருக்குத் தனி சபாஷ். அதன் மாறுநிலை வெப்பநிலை, அதாவது அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாத எல்லை, 32 டிகிரி. சென்னையின் மே மாதத்தில் அதைத் திரவமாகவே வைத்திருக்க முடியாது. அதனால் அடுப்புக்கு வராமல், எத்திலீனாக மாறி, பாலித்தீன் பையாகப் போகிறது.

பாதுகாப்பு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, மீத்தேன்தான். காற்றின் சராசரி மூலக்கூறு நிறை 29. மீத்தேனுக்கு 16, அதனால் அது காற்றைவிட லேசு; புரப்பேனுக்கு 44, பியூட்டேனுக்கு 58, இரண்டும் காற்றைவிடக் கனம். சிலிண்டர் வாயு கசிந்தால் தரையோடு தவழ்ந்து, அலமாரிக்கு அடியிலும் சாக்கடைத் துளையிலும் தேங்கி நிற்கும். மேலே ஜன்னல் திறந்திருந்தாலும் முழுதாகப் போகாது. தரைத்தளத்துக்குக் கீழே உள்ள அறையில் சிலிண்டர் வைக்கக் கூடாது என்பது இதனால்தான். மீத்தேன் மேலே எழும்பி வென்டிலேட்டர் வழியாக வெளியேறிவிடும்; வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்த வீடுகளுக்கு இது பொருந்தாது. தீப்பிடிக்கக் காற்றில் மீத்தேன் 5 சதவீதமாவது கலந்திருக்க வேண்டும். சிலிண்டர் வாயுவுக்கு 2 சதவீதம் போதும். இரண்டுக்கும் இயல்பில் வாசனை கிடையாது. மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம், எச்சரிக்கைக்காகச் சேர்க்கும் மெர்கேப்டன் என்ற கந்தகச் சேர்மத்துடையது.

புகை, கரியமில வாயு என்று பார்த்தாலும் சின்ன மூலக்கூறுதான் முந்துகிறது. ஒரே அளவு (ஒரு மோல்) கார்பன் டை ஆக்சைடு உண்டாகும்போது மீத்தேன் 890 கிலோஜூல் வெப்பம் தருகிறது. பியூட்டேன் தருவது ஏறத்தாழ 720. ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும் என்பதால், குழாய் ஒழுகினால் இந்த லாபம் கரைந்துவிடும்.

சிலிண்டர் ஜெயிப்பது ஓரிடத்தில், ஆனால் பெரிய இடத்தில்: தூக்கிக்கொண்டு போகலாம். தள்ளுவண்டிக் கடைக்கும், கல்யாணப் பந்தலுக்கும், குழாய் எட்டாத கிராமத்துக்கும் அதுதான் கதி. இடத்தைப் பொறுத்தவரை வீரியமும் அதற்கே அதிகம். ஒரு கன மீட்டர் புரப்பேன் தரும் வெப்பம், அதே அளவு மீத்தேன் தருவதைப் போல இரண்டரை மடங்கு.

மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டியதும் இந்த இரண்டரை மடங்கைத்தான். பழைய அடுப்பில் குழாயை அப்படியே மாட்டினால் சுடர் சோர்ந்து எரியும், தோசைக்கல் காயவே நேரமாகும். பர்னருக்குக் கீழே இருக்கும் ஜெட்டின் துளை மீத்தேனுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். இணைப்புக் கொடுக்க வருபவர் ஜெட்டை மாற்றாமல் கிளம்பினால் விடாதீர்கள். வீடு மாறி மறுபடி சிலிண்டருக்குத் திரும்பினால் இன்னும் கவனம்: பெரிய துளையில் பியூட்டேன் பாய்ந்தால் சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடியெல்லாம் கரி பிடிக்கும், காற்றோட்டமில்லாத அறையில் கார்பன் மோனாக்சைடும் சேரும்.