கிச்சன் சிங்க் குழாய் மாத்தப் போறீங்களா, 6,800 ரூபா போன கதையை படிச்சிட்டு மாத்துங்க

இன்னும் கை நடுங்குது கோவத்துல. வீட்டுக்கே ஆள் அனுப்புற ஆப் இருக்குல்ல, அதுல ஒண்ணுல பிளம்பர் புக் பண்ணேன், பேர் சொல்லல. கடைசில என்னென்ன பாக்கணும்னு டீடெய்லா எழுதறேன், முழுசா படிங்க.

எங்க சிங்க்ல இருந்தது சிங்கிள் லீவர் மிக்ஸர், அதாவது ஒரே கைப்பிடில சுடுதண்ணி, பச்சத்தண்ணி ரெண்டும் வர குழாய், நல்ல வெயிட்டான பித்தளை. கைப்பிடிக்கு கீழ சொட்டு சொட்டா கசிஞ்சுது, அவ்ளோதான் பிரச்சனை. வந்த தம்பி வாசல்லயே ஷூவ கழட்டிட்டு, ஐடி கார்டு காட்டி, சிங்க்குக்கு கீழ துணி விரிச்சு, எங்க அம்மாகிட்ட "குடிக்க கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா"ன்னு கேட்டு வாங்கி குடிச்சான். கைப்பிடிய கழட்டி உள்ள இருந்த உப்பு கறைய காட்டி, "அக்கா இது போர் தண்ணில அரிச்சு போச்சு, பாடியே போயிடுச்சு, உங்க வீடுன்னு இல்ல எங்க அக்கா வீடா இருந்தாலும் இதத்தான் சொல்வேன்"னான். அந்த வார்த்தைய எப்படிங்க நம்பாம இருக்க முடியும்? அவனே போய் புது மிக்ஸர் வாங்கிட்டு வந்தான். குழாய் 5,200, ஆங்கிள் காக் (சிங்க்குக்கு கீழ தண்ணிய நிறுத்துற வால்வு), கனெக்ஷன் பைப்புக்கு 900, கூலி 700. மொத்தம் 6,800. "ஆப்ல போட்டா உங்களுக்குதான்க்கா எக்ஸ்ட்ரா ஆகும்"னு சொல்லி அவன் க்யூஆர்லயே வாங்கிகிட்டான். பழச நானே குப்பைல போட்டுடறேன்னு பைல போட்டு எடுத்துட்டும் போயிட்டான், பித்தளைக்கு காயலான் கடைல என்ன விலைன்னு அவனுக்கு தெரியாதா!

மறுநாள் காலைல அம்மா வழக்கம் போல பச்சத்தண்ணிக்கு வலது பக்கம் திருப்பினாங்க, கீசர் ஆன்ல இருக்கு, கொதிக்க கொதிக்க சுடுதண்ணி கைல. ரெண்டு பைப்பையும் மாத்தி மாட்டிருக்கான். கைப்பிடி வேற லொடலொடன்னு ஆடுது, முழுசா மூடப் போனா பின்னாடி டைல்ஸ்ல இடிக்குது, அதனால தண்ணி நிக்கவே மாட்டேங்குது, சிங்க்குக்கு கீழ பலகை எல்லாம் ஊறிப்போச்சு.

ஆப்ல சாட் போட்டா முதல்ல மெஷின் பேசுது, "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்". அப்புறம் ஒரு பொண்ணு, "மேடம் பார்ட்ஸ் எங்ககிட்ட வாங்கல, பேமெண்ட்டும் எங்களுக்கு வரல, வாரண்டி கவர் ஆகாது". ஆள அனுப்புனது யாரும்மா, நானா? அவனுக்கு அடிச்சா "வண்டில இருக்கேன்க்கா"ன்னு கட் பண்றான், அப்புறம் ஸ்விட்ச் ஆஃப். சாட்ல கேஸ் க்ளோஸ்னு போட்டு ஸ்டார் ரேட்டிங் கேக்குறாங்க, 6,800 ரூபா வாங்கிட்டு ரேட்டிங்!

கடைசில தெருமுனை ஹார்ட்வேர் கடை அண்ணன்தான் வந்தாரு. சிவப்பு நீல மூடிய நெம்பி எடுத்து உள்ள இருக்குற சின்ன ஸ்க்ரூவ ஆலன் கீ போட்டு இறுக்கினாரு, ஆங்கிள் காக்க மூடிட்டு ரெண்டு பைப்பையும் இடம் மாத்தினாரு, பாடிய கொஞ்சம் திருப்பி கைப்பிடி சுவத்துல இடிக்காம வச்சாரு. அப்புறம் குழாயோட அடிப்பக்கம் மரைய காட்டினாரு, மஞ்சளா இருந்தா பித்தளை, இது வெளுத்து கெடக்கு, துத்தநாகத்துல (ஜிங்க்) வார்த்து மேல குரோம் பூசினதாம். "பழசுல கார்ட்ரிட்ஜ், கைப்பிடிக்கு உள்ள தண்ணிய திறந்து மூடுற பாகம், அத மட்டும் மாத்திருந்தா போதும்மா, சில நூறு ரூபாதான்"னாரு. எனக்கு வயிறு எரிஞ்சுது.

டீடெய்லா எழுதணும்னுதான் நெனச்சேன், இப்ப முடியல, இத மட்டும் பாத்துக்கோங்க. கைப்பிடி கிட்ட கசிஞ்சா முதல்ல கார்ட்ரிட்ஜ மாத்த சொல்லுங்க. மரை மஞ்சளான்னு பாருங்க, பில் இல்லாம காசு குடுக்காதீங்க, பழைய குழாய வெளிய விடாதீங்க. இடது சுடுதண்ணி, வலது பச்சத்தண்ணி, ஆள் கிளம்புறதுக்கு முன்னாடி திறந்து மூடி பாருங்க, வயசானவங்க இருக்குற வீட்ல கண்டிப்பா.

நான் 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்துட்டேன், சாட் ஸ்க்ரீன்ஷாட், க்யூஆர் ரசீது எல்லாம் வச்சிருக்கேன். இதே மாதிரி யாருக்காவது ஆகி காசு திரும்பி வந்திருந்தா எப்படி வாங்குனீங்கன்னு சொல்லுங்க, 6,800 ரூபாய நான் விடறதா இல்ல.